கூழ் ஒரேயடியாகப் புளித்துவிட்டதா? கொட்டுவதற்கு முன்னால்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் வேப்பிலைத் தோரணமும் ஒலிபெருக்கியும் முளைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மன் கோயில் வாசலில் அண்டா அண்டாவாகக் கூழ் ஊற்றுவார்கள். தூக்கோடு வரிசையில் நிற்கிற பிள்ளைகள் வீடு போய்ச் சேர்வதற்குள் பாதியைக் குடித்துவிடும். அந்தக் கூழை ருசி பார்த்துவிட்டு நாமும் வீட்டில் செய்தால் என்ன என்று இறங்குகிறவர்களில் ஒன்றிரண்டு பேர் வருஷா வருஷம் என் கதவைத் தட்டுகிறார்கள். கேள்வி மட்டும் மாறுவதில்லை. "அண்ணா, கூழ் பயங்கரமா புளிச்சிடுச்சு. கொட்டிடலாமா?"

பெரும்பாலும் வேண்டியதில்லை. அதற்காக உடனே ஆப்ப சோடா டப்பாவைத் தேடவும் வேண்டாம். நான் அப்படித் தேடிப்போய் ஒரு குண்டான் மாவைச் சாக்கடையில் ஊற்றியவன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதலில் மூக்கு

மூடியைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். தயிர் மாதிரி, பழைய சோற்று நீராகாரம் மாதிரி வாசனை வந்தால் அது நல்ல புளிப்பு. எவ்வளவு தூக்கலாக இருந்தாலும் காப்பாற்றிவிடலாம். மூக்கில் சுள்ளென்று ஏறினால், வினிகர் பாட்டிலைத் திறந்தது போல இருந்தால், காற்றுப் பட்டு அசிட்டிக் அமிலம் உண்டாகிவிட்டது. இதையும் ஓரளவு சரிசெய்யலாம், ஆனால் பழைய ருசி திரும்பாது. கெட்டுப்போன வெண்ணெய், ஈரத்துணி, சாக்கடை என்று ஏதாவது ஞாபகத்துக்கு வந்தால் யோசிக்கவே வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

பிறகு கண். மேலே வெள்ளையாக, மெல்லிசாக, சுருக்கம் விழுந்த ஆடை படர்ந்திருந்தால் அது பெரும்பாலும் ஈஸ்ட். வழித்து எறிந்துவிட்டு மிச்சத்தை முகர்ந்து முடிவு செய்யுங்கள். பச்சை, கறுப்பு, ரோஜா நிறத்தில் பஞ்சு மாதிரிப் பூத்திருந்தால் அது பூஞ்சை. மேலே உள்ளதை மட்டும் எடுத்துவிட்டுக் கீழே உள்ளதைக் குடிக்கலாம் என்கிற சிக்கனம் இங்கே ஆகாது. கரண்டியில் எடுத்து ஊற்றும்போது நூல் நூலாக இழுத்தாலும் அதே தீர்ப்புதான்.

எந்த இடத்தில் புளித்தது?

புதிதாகச் செய்கிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். நம் கூழ் ஒரு தடவை புளிப்பதில்லை, இரண்டு தடவை புளிக்கிறது.

முதல் நாள் சாயந்திரம் கேழ்வரகு மாவைத் தண்ணீரில் கரைத்து வைக்கிறோம். என் கணக்கு ஒரு டம்ளர் மாவுக்கு மூன்று டம்ளர் தண்ணீர். அது ராத்திரி முழுக்கப் புளிக்கும். மறுநாள் கால் டம்ளர் நொய்யைக் குழைய வேகவைத்து, அதில் இந்தக் கரைசலை ஊற்றி, துடுப்பால் விடாமல் கிண்டி இறக்குகிறோம். கையை நனைத்துத் தொட்டுப் பார்த்தால் ஒட்டக்கூடாது. அதுதான் வெந்த பதம். ஆறியதும் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடி, இன்னொரு ராத்திரி வைக்கிறோம். இது இரண்டாவது புளிப்பு. அடுத்த நாள் காலையில் கையால் கரைத்து, உப்பும் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்தால் கூழ்.

முதல் ராத்திரி வேலை செய்வது மாவிலேயே இருக்கிற பாக்டீரியா. லாக்டோபேசில்லஸ் வகையறா. மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை விடுகிறது. அடுப்பில் கிண்டும்போது இந்தக் கூட்டம் செத்துவிடும். அது விட்டுப்போன அமிலம் மட்டும் எங்கேயும் போகாது. லாக்டிக் அமிலம் ஆவியாகப் பறக்காது. "நல்லா கொதிக்க வெச்சா புளிப்பு போயிடும்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வற்றி, புளிப்பு இன்னும் தூக்கலாகத்தான் தெரியும்.

இரண்டாவது ராத்திரி வருவது வேறு கூட்டம். கரண்டியில் இருந்தது, கையில் இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாகச் சட்டியில் இருந்தது. பழகிய மண்சட்டியின் நுண்துளைகளில் போன வாரக் கூழின் மிச்சம் குடியிருக்கும். புதுச் சட்டியில் நன்றாக வந்த கூழ் நாலாவது தடவை ஏன் இப்படிப் புளிக்கிறது என்று கேட்கிறவர்களுக்குப் பதில் பெரும்பாலும் இதுதான்.

ஆகவே, கரைத்த மாவை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், துப்பிவிடலாம். அப்போதே பல் கூசினால் முதல் ராத்திரி நீண்டுவிட்டது. மாவு பதமாக இருந்து, வெந்த கூழ் மட்டும் காலையில் முறைத்துக்கொண்டு நின்றால் குற்றம் இரண்டாவது ராத்திரியுடையது.

நிறுத்துங்கள்

எந்தக் கட்டமானாலும் சரி, முதல் வேலை புளிப்பதை நிறுத்துவது. பாக்டீரியா வேலை செய்துகொண்டிருக்கும்போது நீங்கள் எதைச் சேர்த்தாலும், இரண்டு மணி நேரத்தில் அதையும் புளிக்க வைத்துக் கையில் கொடுத்துவிடும். மாவுக் கரைசல் என்றால் பாத்திரத்தோடு ஃபிரிட்ஜில் வையுங்கள். வெந்த கூழ் என்றால் ஒரு தடவை சூடாக்கி, குமிழி விட்டதும் இறக்கி ஆற வையுங்கள். அடி பிடிக்கும், கூடவே நின்று கிண்ட வேண்டும். அலுமினிய அண்டாவிலும் ஈயம் பூசாத பித்தளையிலும் புளித்த கூழைச் சூடாக்காதீர்கள், அமிலம் உலோகத்தை அரிக்கும். எவர்சில்வர் போதும்.

மாவு புளித்திருந்தால்

இதுதான் சுலபம். பாத்திரத்தை ஆட்டாமல் ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் விட்டால் மாவு அடியில் படியும், மேலே பழுப்பாக நீர் தெளியும். அமிலத்தில் பெரும்பங்கு அந்த நீரில்தான் கரைந்திருக்கிறது. மூன்று டம்ளர் ஊற்றியிருந்தால் இரண்டு டம்ளரை மெதுவாக வடித்துவிட்டு, இரண்டு டம்ளர் குளிர்ந்த நீரை ஊற்றிக் கலக்குங்கள். கரைந்த அமிலம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஒரு தடவை போதும். இரண்டு தடவை செய்தால் புளிப்போடு மணமும் போய்விடும். அப்புறம் அது சாதாரணக் கேழ்வரகுக் கஞ்சி, அதற்கு ராத்திரி முழுக்கக் காத்திருந்திருக்கவே வேண்டாம்.

வடித்த உடனே அடுப்பில் ஏற்றுங்கள். தள்ளிப்போட்டால் பழைய கதைதான்.

வெந்த கூழ் புளித்திருந்தால்

இங்கே வடிக்க முடியாது, கலக்கத்தான் வேண்டும். புளிக்காத மாவை அதே அளவு நீரில் கரைத்து, புதிதாக ஒரு கூழ் காய்ச்சி ஆற வைத்துக்கொள்ளுங்கள். அதை அப்படியே குண்டானில் கவிழ்ப்பதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை. நாலு டம்ளர் எடுத்து, ஒவ்வொன்றிலும் புளித்த கூழ் 100 மி.லி. விடுங்கள். முதல் டம்ளர் அப்படியே இருக்கட்டும். மற்ற மூன்றில் புதுக் கூழை 50, 100, 150 மி.லி. என்று சேருங்கள். எல்லாவற்றிலும் ஒரே அளவு உப்பு போட்டு, ஒவ்வொன்றாக ருசி பாருங்கள். நடுவில் வாய் கொப்பளியுங்கள், இல்லாவிட்டால் முதல் டம்ளரின் புளிப்பு மற்ற மூன்றுக்கும் பொய் சாட்சி சொல்லும். எனக்கு அநேகமாக மூன்றாவது டம்ளர் பிடிக்கும், அதாவது சரிபாதி. அப்படியானால் மூன்று லிட்டர் புளித்த கூழுக்கு மூன்று லிட்டர் புதுக் கூழ். அளவு இரட்டிப்பாகிவிடும்தான். ஆடி மாதத்தில் கூழ் கொடுத்து வேண்டாம் என்று சொல்லும் வீடு எங்கள் தெருவில் இல்லை.

மோர் விஷயத்தில் கவனமாக இருங்கள். கூழ் புளிக்கிறது, மோர் ஊற்றினால் தணியும் என்று நினைத்து நேற்றைய மோரை ஊற்றுகிறார்கள். மோரில் இருப்பதும் அதே லாக்டிக் அமிலம். புளிக்காத தயிரைக் கடைந்து ஊற்றுங்கள், அல்லது அன்றைக்கு மோரே வேண்டாம், சோறு வடித்த கஞ்சி போதும். குழந்தைகளுக்கு என்றால் உப்பு, வெங்காயத்தை விட்டுவிட்டு வெல்லம் கரைத்து ஊற்றலாம். அமிலம் குறையாது, நாக்குக்குத்தான் குறைந்தது போலத் தெரியும். குடிக்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் தேவையில்லை.

சோடாக் கதை

என் மாமா பையன் இங்கிலாந்தில் இருக்கிறான். வீட்டுச் சமையலறையில் கறுப்பு பியர் காய்ச்சுவான். அங்கே சொந்தத்துக்குக் காய்ச்ச 1963-லிருந்து உரிமம் கூடத் தேவையில்லை. இங்கே 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. நம் ஊரில் 'ஊறல்' என்று சொன்னாலே போலீஸ் வேன்தான் ஞாபகம் வரும். அவன் அந்த வார்த்தையைப் போனில் சத்தமாகச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பதறும்.

அவனுடைய முதல் கறுப்பு பியர் தீய்ந்த காபி மாதிரி நாக்கைக் கடித்ததாம். காரணம் கண்டுபிடித்து எனக்குப் பாடம் எடுத்தான். கறுப்பாக வறுத்த பார்லியே அமிலம் கொண்டது. அவன் ஊர்த் தண்ணீர் மென்மையானது, அமிலத்தைத் தாங்கும் காரம் அதில் இல்லை. தானியத்தை வெந்நீரில் ஊற வைக்கிற கட்டத்திலேயே பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலத்தன்மை கூடுதல்) 5.2-க்குக் கீழே இறங்கிவிட்டது. டப்ளின் தண்ணீரில் சுண்ணாம்புக் காரம் அதிகம், அதனால்தான் அந்த ஊருக்குக் கறுப்பு பியர் பொருந்தி வந்தது என்றான். அடுத்த தடவை ஊற வைக்கும் தண்ணீரில் அளந்து சோடா சேர்த்தான், வறுத்த பார்லியைத் தனியாகக் குளிர்ந்த நீரில் ஊற வைத்துக் கடைசியில் சேர்த்தான். பியர் வழிக்கு வந்துவிட்டது. "மச்சான், உன் கூழுக்கும் இதையே பண்ணு."

பண்ணினேன். சாயந்திரம் மாவு கரைக்கும்போதே அரை ஸ்பூன் ஆப்ப சோடாவைப் போட்டு மூடி வைத்தேன். காலையில் திறந்தபோது புளிப்பு வாசனை துளியும் இல்லை. அதற்குப் பதிலாகப் பக்கிங்காம் கால்வாய் ஓரம் நடந்தால் வருமே, அந்த வாசனை. மேலே சாம்பல் நிறத்தில் நுரை வேறு.

காசிமேடு போகிற வழியில் தள்ளுவண்டியில் கூழ் விற்கிற ஆயா ஒருவர் உண்டு. அன்று காலை அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். மோர் மிளகாயைத் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னார்: "இன்னா கண்ணு நீ, புளிப்பு வந்தாதானே மத்தது வராம இருக்கும்."

விஷயம் அவ்வளவுதான். பியரில் அந்தக் கடிப்பு தானியத்திலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வந்தது, நொதிப்பதற்கு முன்பே. முன்கூட்டியே சோடா போட்டால் கணக்கு நேராகும். கூழில் அமிலத்தை உண்டாக்குவது உயிருள்ள கூட்டம். அது சீக்கிரம் புளிக்க வைப்பதால்தான் கெட்ட கிருமிகளால் அங்கே தலைதூக்க முடிவதில்லை. நான் போட்ட சோடா, வாசலில் நின்ற காவல்காரனுக்குத் தூக்க மாத்திரை கொடுத்தது போல ஆகிவிட்டது.

சோடாவை எப்போது, எவ்வளவு

அப்படியானால் சோடாவே கூடாதா? கூடும், கடைசியில். வெந்து, சூடாக்கி, குடிக்கப்போகிற கூழில் மட்டும். கலப்பதற்குப் புது மாவு இல்லை, விருந்தாளி வாசலில் நிற்கிறார் என்கிற நிலைமைக்கு இது.

ஒரு கிராம் சோடா கிட்டத்தட்ட ஒரு கிராம் லாக்டிக் அமிலத்தை அடக்கும். ஒரு லிட்டருக்கு அரைக்கால் ஸ்பூன், அதாவது கால் ஸ்பூனில் பாதி, தலை தட்டி எடுத்து, கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு, பாத்திரத்தில் மேலே இடம் விட்டுச் செய்யுங்கள், நுரைத்துப் பொங்கும். ஐந்து நிமிடம் கழித்து ருசி பாருங்கள். போதவில்லை என்றால் இன்னொரு அரைக்கால். அதற்கு மேல் போகாதீர்கள். கூழ் கருஞ்சிவப்பாக மாறி, சோப்புத் தண்ணீர் மாதிரி ஒரு வழவழப்பு நாக்கில் நிற்கும், அதை எடுக்க வழியில்லை. சோடாவிலும் சோடியம் இருப்பதால் உப்பைக் குறைத்துப் போடுங்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த வழியே வேண்டாம்.

இன்னொன்று முக்கியம். அமிலம்தான் கூழுக்குக் காவல் என்று பார்த்தோம். சோடா போட்ட கூழில் அந்தக் காவல் தளர்ந்துவிடும். வெளியே வைத்து அடுத்த வேளைக்குக் குடிக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

பதநீர்ப் பானைக்குள் சுண்ணாம்பு தடவுகிறார்களே, அதைக் கூழ்ச் சட்டியில் தடவலாமா என்று ஒரு தம்பி கேட்டார். பதநீர் கள்ளாக மாறக்கூடாது என்பதற்காகப் புளிப்பதையே நிறுத்துகிற வேலை அது. நமக்குப் புளிக்கவும் வேண்டும், அளவோடும் வேண்டும். தடவாதீர்கள்.

தண்ணீர்மேல் பழி

வடசென்னையில் எது கெட்டாலும் தண்ணீரைத் திட்டுவோம், பல நேரம் நியாயமாகவே. ஆனால் கூழ் புளிப்பதற்குக் கேன் தண்ணீரைக் குற்றம் சொல்வது சரியில்லை. ஆர்ஓ நீரில் காரம் கிட்டத்தட்ட இல்லை என்பது உண்மைதான். காரம் மிகுந்த போர் தண்ணீர் எடுத்தாலும் என்ன ஆகும்? லிட்டருக்கு 200 மில்லிகிராம் காரத்தன்மை உள்ள நீர் அரை கிராம் லாக்டிக் அமிலத்தைக்கூட அடக்காது. நன்றாகப் புளித்த கூழில் லிட்டருக்குச் சில கிராம் அமிலம் இருக்கும். ஆக, பியருக்குத் தண்ணீர் தலையெழுத்து, கூழுக்கு அது பெரிய விஷயமில்லை. கடலோரத் தெருக்களின் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், அதற்காக வேண்டுமானால் கேன் வாங்குங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை வந்தால் கொதிக்க வைத்து ஆற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் முதல் ராத்திரி மந்தமாகப் போகும்.

அடுத்த தடவை

உண்மையான வில்லன் வெயிலும் கடிகாரமும். என் சமையலறையில் ஆடி மாதம் மாவுக்குப் பத்து மணி நேரம் போதும். கத்திரி வெயிலில் ஏழு, எட்டுக்கே தயார். மார்கழியில் பதினெட்டு மணி நேரம்கூட ஆகும். செய்முறைகளில் 'இரவு முழுவதும்' என்று எழுதிவிடுகிறார்கள். யாருடைய இரவு? சாயந்திரம் ஐந்து மணிக்குக் கரைத்து, காலை ஒன்பதுக்கு எழுந்து பார்த்தால் அது பதினாறு மணி நேரம். ராத்திரி ஒன்பதுக்குக் கரையுங்கள், ஏழு மணிக்கு அடுப்பை ஏற்றுங்கள்.

வெந்த கூழின் இரண்டாவது ராத்திரியை ஆடியில் நான் பாதியாக வெட்டிவிடுகிறேன். ராத்திரி வெளியே நாலு மணி நேரம், பிறகு ஃபிரிட்ஜ். ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, அதில் சட்டியை வைத்து, ஈரச் சாக்கைச் சுற்றி ஜன்னலோரம் வைக்கலாம். காற்று பட்டுச் சாக்கு உலர உலரச் சட்டி குளிரும்.

பழைய கூழில் ஒரு கரண்டியைப் புது மாவில் உறைக்கு ஊற்றுகிற பழக்கம் இருந்தால் வெயில் காலத்தில் விட்டுவிடுங்கள். மண்சட்டியைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டாம், சோப்பையும் குடித்துக்கொள்ளும். தேங்காய் நாரால் தேய்த்து, கொதிநீர் ஊற்றி வைத்து, மொட்டை மாடியில் ஒரு நாள் முழுக்கக் கவிழ்க்காமல் வெயிலில் காய வையுங்கள்.

அளந்து பார்க்கிற ஆசை உள்ளவர்கள் பிஎச் தாள் வாங்கலாம். கூழுக்குள் நேராக முக்கினால் அதன் நிறம் தாளில் ஏறி ஒன்றும் புரியாது, மேலே தெளிந்த நீரில் முக்குங்கள். எனக்குப் பிடித்த கூழ் 4-ஐ ஒட்டி நிற்கிறது. 3.5-க்குப் போனால் பல் கூசுகிறது. ஆனாலும் கடைசித் தீர்ப்பு நாக்குடையதுதான், ஏனென்றால் ஒரே பிஎச் காட்டுகிற இரண்டு கூழில் ஒன்றில் அமிலம் கூடுதலாகவே இருக்கலாம்.

இவ்வளவும் செய்து வழிக்கு வராத மாவு ஒன்று எப்போதாவது கையில் நிற்கும். வாசனை நன்றாக இருந்தால், மேல் நீரை வடித்துவிட்டு, அரிசி மாவும் வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்துத் தோசையாக வார்த்துவிடுங்கள். வடித்த அந்த நீரையும் கொட்ட வேண்டாம். போன ஆடி வெள்ளிக்கு எங்கள் வீட்டுக் குத்துவிளக்கைப் புளிக்குப் பதிலாக அதில்தான் தேய்த்தேன்.